பதினைந்தும் பிழை

கேதீஸ்வரி விடைத்தாள் திருத்தினால் அரைப் புள்ளிக்கும் ஆயிரம் நியாயம் கேட்பாள் என்று அட்டனில் ஆசிரியர்களிடையே ஒரு பேச்சு உண்டு. பேச்சு சரிதான். முற்றுப்புள்ளி இல்லாத வாக்கியத்தை அவள் வாக்கியம் என்றே ஒப்புக்கொள்ள மாட்டாள். அப்படிப்பட்டவள், அந்தத் திங்கட்கிழமை பின்னேரம் ஒரே விடைத்தாளை நாலு தரம் திருத்திவிட்டு, ஐந்தாவது தரமும் முதல் பக்கத்தைப் புரட்டிக்கொண்டிருந்தாள்.

சுட்டெண் பத்தொன்பது. தாளில் பெயர் இருக்காது, அதுதான் ஒழுங்கு. ஆனால் கையெழுத்தை யார் மறைப்பது? இரண்டு வருடமாகச் சனிக்கிழமை தோறும் பார்த்துப் பழகிய கையெழுத்து. சோலைமலையுடையது.

தேயிலைத் தோட்டப் பாடசாலைகளில் படிப்பிக்கும் உதவி ஆசிரியர்களுக்காக நடந்த உயர்நிலை ஆங்கில வகுப்பு அது. கடைசிப் பரீட்சையில் தேறுகிறவர்கள் கொழும்புப் பக்கம் ஒரு பயிற்சிக் கலாசாலைக்கு இரண்டு வருடம் போகலாம். திரும்பி வரும்போது ஆங்கில ஆசிரியர் நியமனம் நிச்சயம். முப்பத்தைந்து வயதைத் தாண்டியவர்களை மட்டும் எடுக்க மாட்டார்கள். சோலைமலைக்கு வருகிற தை மாதம் முப்பத்தைந்து. ஆக, இந்த 1998ஆம் வருடப் பரீட்சையை விட்டால் அவனுக்கு வேறு பரீட்சை இல்லை.

கிழமையில் ஐந்து நாளும் ஒரே மண்டபத்தில் மூன்று வகுப்புகளைக் கட்டி மேய்த்துவிட்டு, சனிக்கிழமை காலையில் றொசல்லயில் ரயிலேறி வருவான். வகுப்பில் அவன்தான் முதல். மற்றவர்கள் வாசிப்புப் பந்தியின் மேலே நடந்து போனால் இவன் உள்ளே இறங்கித் துழாவிவிட்டு வருவான். இலக்கணத்தில் கேதீஸ்வரியே ஒருமுறை தடுமாறியபோது, சத்தமில்லாமல் தன் கொப்பியை அவள் பக்கம் திருப்பி வைத்தவன். அந்த ஆள் இப்போது நூற்றுக்கு முப்பத்தெட்டு எடுத்திருக்கிறான். தேற நாற்பது வேண்டும்.

வகுப்புக்குள் தமிழ் வாயில் வரக்கூடாது என்பது கேதீஸ்வரி போட்ட சட்டம். மீறுகிறவர் கரும்பலகை துடைக்க வேண்டும். வகுப்பு முடிய ஐந்து நிமிடம் இருக்கையில் சோலைமலைக்கு எப்படியோ ஒரு தமிழ்ச் சொல் வாய்தவறி வந்துவிடும். ஒரு சனிக்கிழமைகூடத் தப்பாது. எல்லோரும் போனபின் அவன் பலகையைத் துடைப்பான். அவனுடைய ரயிலுக்கு இன்னும் முக்கால் மணி இருக்கும். துடைத்த பலகையையே மறுபடி துடைத்துக்கொண்டு அவன் பேசுவான், அவள் பேசுவாள். மழை, அவனுடைய வகுப்புப் பிள்ளைகள் பண்ணும் கூத்து, யாழ்ப்பாணப் பாதை சண்டையில் மூடிக் கிடந்தும் வீட்டை விட்டு வர மறுக்கும் அவள் அப்பா அம்பலவாணரின் பிடிவாதம் என்று எதையாவது. எல்லாம் ஆங்கிலத்தில்தான். அவன் வேண்டுமென்றே வாய்தவறுகிறான் என்பது அவளுக்கு மூன்றாம் கிழமையே தெரிந்துவிட்டது. அந்த ஒரு பிழையை மட்டும் அவள் திருத்தவில்லை.

தமிழில் பேசியிருந்தால் முதல் வாக்கியத்திலேயே இரண்டு பேருக்கும் ஊர் ஒட்டிக்கொண்டிருக்கும். அவள் வாயைத் திறந்தால் யாழ்ப்பாணம், அவன் திறந்தால் தோட்டம். அதன் பின்னால் அவரவர் சனங்கள் வரிசையாக வந்து நிற்பார்கள். யார் வீட்டில் யார் தண்ணீர் குடிப்பார்கள், யாரை வாசலோடு நிறுத்துவார்கள் என்ற கதையெல்லாம் கூடவே வரும். ஆங்கிலத்தில் அந்தக் கூட்டம் கிடையாது. அங்கே அவர்கள் வெறும் இரண்டு பேர். அதற்காகவே அவள் கிழமை முழுக்கச் சனிக்கிழமையை எண்ணிக்கொண்டிருந்தாள்.

"என்ன ரீச்சர், பத்தொன்பதோட மல்லுக்கட்டுறியள்?"

இரண்டாவது திருத்துநர் முத்துலிங்கம் பச்சைப் பேனையோடு வந்து நின்றார். அவரும் யாழ்ப்பாணத்தார்தான். மலைக்கு வந்து பதினாறு வருடமாகியும் மலையைப் பார்த்து முகஞ்சுளிப்பதை விடாதவர்.

"முப்பத்தெட்டுத்தான் வருது."

"பிறகென்ன, விடுங்கோவன். தோட்டத்துப் பெடியன் இவ்வளவு தூரம் வந்ததே பெரிய காரியம்."

கேதீஸ்வரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு தாளைப் பார்த்தாள். அப்போதுதான் அது கண்ணில் பட்டது. பந்தியை வாசித்து, சரியா பிழையா என்று குறிக்க வேண்டிய பதினைந்து வசனங்கள். பதினைந்துக்கும் அவன் போட்ட விடை பிழை. ஒன்றும் தெரியாதவன் கண்ணை மூடிக்கொண்டு கோடு போட்டாலும் ஐந்தாறு சரியாக வந்து விழும். ஒன்றுகூடச் சரியாக வராமல் பார்த்துக்கொள்ள, பதினைந்துக்கும் சரியான விடை தெரிந்தவனால்தான் முடியும்.

முதலில் வந்தது சந்தோஷம். அதை மறைப்பானேன்? தேறினால் போக வேண்டும், தவறினால், வகுப்புக்கு வயதெல்லை இல்லாததால், அடுத்த வருடமும் இங்கே வந்துகொண்டிருக்கலாம். போவதை விட இருப்பது மேல் என்று ஒருவன் தீர்மானித்திருக்கிறான், அது அவளுக்காக. காதுமடல் சுட்டது. முத்துலிங்கம் பார்த்துவிடுவாரோ என்று குனிந்துகொண்டாள்.

அதன் பிறகுதான் பயம் வந்தது. அவள் ஒரு கள்ளமும் செய்ய வேண்டியதில்லை. நேர்மையாகப் புள்ளி போட்டாலே அவன் அவளோடு இருந்துவிடுவான். தாளை மூடி வைத்துவிட்டு வீட்டுக்குப் போனால் போதும். போகத்தான் நினைத்தாள். பையைக்கூட எடுத்துவிட்டாள்.

ஆனால் எழுத்துப் பரீட்சை வகுப்பு வேலையோடு ஒத்துப்போகாவிட்டால், வகுப்பாசிரியர் வாய்மொழிப் பரீட்சைக்குக் கூப்பிடலாம் என்று விதி இருந்தது. ஒரு பந்தி, பத்துக் கேள்வி. ஏழு சரியென்றால் தேறினதாகக் கணக்கு. பையைத் திரும்ப வைத்துவிட்டு, வாய்மொழிக்குப் பத்தொன்பது என்று எழுதி முத்துலிங்கத்திடம் கொடுத்தாள். "உங்கட விருப்பம்," என்றார் முத்துலிங்கம்.

புதன்கிழமை சோலைமலை வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தான். அறையில் அவர்கள் இரண்டு பேர்தான். பந்தியை வாசித்தான். முதல் கேள்வி கேட்டாள், பிழையாகச் சொன்னான். இரண்டாவதும் பிழை. மூன்றாவதையும் முகத்தில் மிகுந்த மரியாதையோடு பிழையாகச் சொன்னான்.

கேதீஸ்வரி பேனையை வைத்தாள்.

"ஏன் இப்பிடிச் செய்யிறியள்?"

அவன் திடுக்கிட்டான். இரண்டு வருடத்தில் அவளிடமிருந்து அவன் கேட்ட முதல் தமிழ் அது.

"என்னங்க டீச்சர், தமிழ்ல பேசுறீங்க?"

"பதினைஞ்சும் பிழை. ஒண்டும் தெரியாதவன் எழுதினாலும் அஞ்சாவது சரி வரும். நான் கண்டுபிடிக்க மாட்டன் எண்டு நினைச்சியளோ?"

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அத யோசிக்காம போயிட்டேங்க. ரெண்டு மூணு சரியா விட்டிருக்கணும்." பிறகு சிரிப்பு அடங்கியது. "போனா ரெண்டு வருசம். அதுக்குள்ள பாதை தொறந்தா நீங்க ஊருக்குப் போயிருவீங்க. இங்கன இருந்தா சனிக்கிழமையாச்சும் எனக்கு இருக்கு."

"எனக்கும் அந்தச் சனிக்கிழமைதான் இருக்கு," என்றாள் கேதீஸ்வரி. சொல்லிவிட்டாள்.

"அப்ப இருந்துட்டுப் போறேனே."

"தையோட வயசு போகுது. பிறகு உங்களை எந்தக் கலாசாலையும் எடுக்காது. என்னைச் சாட்டி நிண்டியளெண்டால், பத்து வருசம் கழிச்சு என்ர முகத்தைப் பார்க்கேக்க அதுதான் உங்களுக்குத் தெரியும். எனக்கு அது வேண்டாம்."

அவன் பந்தித் தாளின் ஓரத்தை மடித்து மடித்து விரித்தான்.

"நா திரும்பி வர்ற வரைக்கும் இருப்பீங்களா?"

இருப்பன் என்று சொல்ல ஒரு நொடி போதும். அவளுக்கு நாக்கு நுனிவரை வந்தது.

"தெரியாது. பொய் சொல்ல மாட்டன். அப்பா தனிய இருக்கிறார். பாதை திறந்தால் போய்த்தான் ஆகவேணும். பிறகு என்னாகுமோ, எனக்குச் சொல்லத் தெரியேல்லை."

அவன் மடித்த தாளை நீவி நேராக்கி மேசையில் வைத்தான்.

"கேளுங்க டீச்சர்."

மூன்று ஏற்கெனவே போய்விட்டது. மிச்சம் ஏழும் சரியாக வர வேண்டும். நாலாவது கேள்வியை ஆங்கிலத்தில் கேட்டாள். சரியாகச் சொன்னான். ஐந்தாவது சரி. ஆறும் ஏழும் சரி. அவன் அவசரப்படவில்லை, அவளும் அவசரப்படுத்தவில்லை. ஒவ்வொரு சரிக்கும் சிவப்பில் ஒரு கோடு இழுத்தாள். எட்டு. ஒன்பது.

இனி ஒன்றுதான். அதை மட்டும் பிழையாகச் சொன்னால் போதும், அவன் இங்கேயே இருப்பான். இவ்வளவு நியாயம் பேசியவளின் மனது, வெட்கமில்லாமல் அந்தப் பிழைக்காகக் காத்திருந்தது. அவன் தாளைப் பார்க்கவில்லை. அவளையே பார்த்துக்கொண்டு, ஒரு சொல்லும் தடுக்காமல் விடையைச் சொன்னான். சரியான விடை.

கேதீஸ்வரி ஏழு என்று எழுதிக் கையெழுத்து வைத்தாள். இரண்டு வருடமாகத் தான் சொல்லிக்கொடுத்ததெல்லாம் அவன் போவதற்குத்தான் என்பது அப்போதுதான் அவளுக்கு முழுதாக உறைத்தது.