மாமாவின் இரண்டாவது பிரேக்

மார்ச் மாதம் பதினொன்றாம் தேதி, செவ்வாய்க்கிழமை, முற்பகல் பதினொரு மணிக்கு, ஒன்பது மாதம் நிரம்பிய ஒரு பெண் குழந்தை, மருத்துவமனையின் மூன்றாம் மாடியில், நரம்பு அறுவை மருத்துவரின் எதிரே அமர்ந்து ஒரு பிஸ்கட்டைத் தின்ன வேண்டியிருந்தது. தின்றுவிட்டால் அறுவை சிகிச்சை வேண்டாம்; தின்னாவிட்டால் வேண்டும்.

பிரசவத்தின்போது தோள் சிக்கிக்கொண்டதால், கழுத்திலிருந்து அவளுடைய வலக்கைக்குச் செல்லும் நரம்புகள் இழுபட்டுப் பழுதாகியிருந்தன. விரல்கள் அசைந்தன, முழங்கைதான் மடங்க மறுத்தது. மருத்துவர் மேற்கையை உடம்போடு சேர்த்துப் பிடித்துக்கொள்வார். குழந்தை அதிகம் குனியாமல், அந்தக் கையாலேயே பிஸ்கட்டை வாய்க்குக் கொண்டுபோக வேண்டும். முடியாவிட்டால் மேலும் காத்திருப்பதில் பயனில்லை, நாள் ஆக ஆகத் தசை மெலிந்துவிடும் என்று சென்ற முறையே அவர் சொல்லியிருந்தார்.

பயிற்சிப் பொறுப்பைத் தாய்மாமன் ஏற்றார். தாய் பள்ளி ஆசிரியை. தந்தை லிஃப்ட் பழுது பார்ப்பவர். பகலில் இருவரும் வீட்டில் இல்லை. கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் மாமாவுக்கோ காலையிலும் மாலையிலும்தான் வேலை. இடையில் மருமகளை மடியில் வைத்துக்கொண்டு பிஸ்கட் பொட்டலத்தைப் பிரிப்பார். மாலையில் அறிக்கை தவறாமல் வரும்: மருமகள் பாஸ். ஒரு ஞாயிற்றுக்கிழமை சோபாவில் அமர்ந்து செய்தும் காட்டினார். பிஸ்கட் ஆடி அசைந்து மேலே சென்று வாய்க்குள் நுழைந்தது. தாய் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தந்தை இனிப்பு வாங்க ஓடினார். குழந்தையின் மார்பில் துண்டு ஏன் அவ்வளவு அகலமாக விரிக்கப்பட்டிருந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை.

தாய், தந்தை, மாமா மூவரும் உடனிருக்கத் தேர்வு தொடங்கியது. குழந்தை பிஸ்கட்டை வாங்கினாள். அதைப் பார்த்தாள். பிறகு மாமாவைப் பார்த்தாள். பேருந்து எப்படியும் வரும் என்று நிற்பவரைப் போல, கையை நீட்டியபடி அமைதியாகக் காத்திருந்தாள். நாற்காலியில் இருந்த மாமாவின் கட்டைவிரல் மெல்ல மேலே எழும்பியது. கூடவே வலக்கால் தரையை அழுத்தியது.

மருத்துவர் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, எதைத் தூக்குகிறீர்கள் என்று மாமாவிடம் விசாரித்தார். பழக்கம் என்றார் மாமா.

பதினைந்து ஆண்டுகளாகத் தேர்வு அறைகளில் காப்பி அடிப்பவர்களைப் பிடித்துவந்த தாய், அண்ணனின் கட்டைவிரலை உற்றுப் பார்த்தாள்.

"அண்ணா, நீ அடியில கைகொடுத்தியா?"

"கொஞ்சமாத்தான். கார் கத்துக்கொடுக்கறப்ப என் பக்கமும் ஒரு பிரேக் இருக்கும்ல, அது மாதிரி. ஆரம்பத்துல நான் போடுவேன். கத்துக்கறவங்க தாங்களே ஓட்டுறதா நினைச்சுக்குவாங்க. தைரியம் வந்ததும் காலை எடுத்துடுவேன்."

"இவகிட்ட எப்ப எடுத்த?"

மாமா கூரையைப் பார்த்தார். "இன்னும் எடுக்கலை."

மாமா வெளியே அனுப்பப்பட்டார். கதவில் வட்டமாக ஒரு கண்ணாடி இருந்தது. சற்று நேரத்தில் அதில் ஒரு முகமும், முகத்துக்குப் பக்கத்தில் ஒரு கட்டைவிரலும் தோன்றின. மருத்துவர் எழுந்து சென்று தம் வெள்ளைக் கோட்டைக் கழற்றி அங்கே மாட்டினார்.

உதவி வராது என்று புரிந்ததும் குழந்தை தானே முயன்றாள். பிஸ்கட் தொப்புள் வரை ஏறி நின்றுவிட்டது. அவள் வாத்தைப் போலக் கழுத்தை நீட்டிக் குனிந்தாள், எட்டவில்லை. அடுத்த நொடி இடக்கையால் அதைப் பிடுங்கி வாயில் திணித்துக்கொண்டு, பாராட்டை எதிர்பார்த்து எல்லாரையும் சுற்றிப் பார்த்தாள். இன்னும் இரண்டு பிஸ்கட் கொடுக்கப்பட்டன. இரண்டும் இடக்கை வழியாகவே சென்றன.

மருத்துவர் சுருக்கமாகச் சொன்னார்: தேறவில்லை. காலின் பின்புறத்திலிருந்து மெல்லிய நரம்பை எடுத்து, பழுதான இடத்தில் ஒட்டுவார்கள். பாதத்தின் ஓரத்தில் சிறிது மரத்துப்போகும். கை மடங்குகிறதா என்பது தெரியப் பல மாதம் ஆகும். முழுதாகச் சரியாகும் என்று உறுதி கூற இயலாது. யோசித்து வரலாம்.

நடைபாதையில் யோசித்தார்கள். மாமா முதலில் பேசினார். இன்னும் ஒரு மாதம் கொடுத்தால் நேர்மையாகப் பயிற்சி தருவதாகவும், துண்டே விரிக்கப்போவதில்லை என்றும் வாக்களித்தார். பிறகு குரல் இறங்கியது. "அந்தச் சின்ன உடம்பு மயக்கத்துல கிடக்கிறதை என்னால பாக்க முடியாதும்மா. அதான் தூக்கிவிட்டேன்."

தாய் குழந்தையின் வலக்கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளுக்கும் அந்த ஒரு மாதம் வேண்டும்போல இருந்தது. கணவரிடம் கேட்டாள்: "என்னங்க, ஒரே ஒரு மாசம் பாக்கலாமா?"

எதிரே ஒருவர் லிஃப்டின் பொத்தானை விடாமல் குத்திக்கொண்டிருந்தார். லிஃப்ட் வரவில்லை. தந்தைக்குப் பொறுக்கவில்லை.

"எத்தனை தடவை அமுக்கினாலும் வராதுங்க. பட்டன் நல்லாத்தான் இருக்கு. உள்ள வயரைப் பாக்கணும்," என்றார்.

அந்த மனிதர் படியில் இறங்கிப் போனார். தாய் மட்டும் கணவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் தாம் சொன்னதைத் தாமே அப்போதுதான் கேட்டவர்போலத் தலைகுனிந்தார்.

"மாப்பிள்ளை, அது லிஃப்டுய்யா. இது குழந்தை," என்றார் மாமா.

"தெரியும் மச்சான். அதனாலதான் பயமா இருக்கு."

குழந்தையின் வலக்கை, தாயின் உள்ளங்கையில், பிஸ்கட் தூளோடு, தூக்கிவிடுவதற்காகக் காத்திருந்தது. தாயும் அறியாமலே அதை வாய்ப்பக்கம் உயர்த்திக்கொண்டிருந்தாள். பாதியில் உணர்ந்து விட்டுவிட்டாள். கை விழுந்தது.

"சரி, நான் எடுத்துட்டேன். நீயும் எடு அண்ணா," என்றாள்.

அறுவை சிகிச்சை செய்துகொள்வதென்று முடிவாயிற்று. ஏப்ரல் மாதத்தின் முதல் வியாழக்கிழமை குறிக்கப்பட்டது. தாயும் தந்தையும் கையெழுத்திட்டனர். சிகிச்சைக்குப் பின் சில வாரங்கள் கை கட்டுக்குள் இருக்கும். பயிற்சியை மருத்துவமனையார் மட்டுமே தருவர். மாமா அந்த வியாழக்கிழமை காலை வகுப்புகளை ரத்துசெய்துவிட்டு வெளியே காத்திருப்பார். வீட்டில் பிஸ்கட் கொடுக்கும் உரிமை அவருக்குத் தொடர்ந்து உண்டு, இடக்கையில் மட்டும்.