மூன்றாம் வகுப்பு அம்மாக்களின் நன்றி

கடைக் கண்ணாடியில் வெயில் வழிந்துகொண்டிருந்தது. கண்ணாடிக்குப் பின்னால் வரிசை வரிசையாகக் குவளைகள். எல்லாவற்றிலும் ஒரே வாசகம். உலகத்திலேயே சிறந்த ஆசிரியர்.

எல்லாரும் சிறந்தவர்கள். எல்லாருக்கும் ஒரே விலை.

பொள்ளாச்சியில் ஏப்ரல். தென்னை ஓலைகூட அசையாத மதியம். நாங்கள் மூன்று அம்மாக்கள் ஒரு பரிசுக் கடைக்குள் மின்விசிறிக்கு நேர் கீழே நின்றோம். மூன்றாம் வகுப்பு செண்பகவல்லி மிஸ்ஸுக்கு வருடக் கடைசி நன்றி வாங்க வந்திருந்தோம்.

நன்றியை வாங்கத்தான் வேண்டியிருந்தது. கையிருப்பில் எங்களிடம் இல்லை.

சுசரிதாதான் முன்னால் நின்றாள். ஆதிரனின் அம்மா. கறுப்புக் கண்ணாடியைத் தலைமுடியில் செருகியிருப்பாள், வெயிலிலும் நிழலிலும். எங்கள் வாட்ஸப் குழுவை அவள்தான் தொடங்கினாள். அதனால் தலைவி. வேறு தகுதி எதையும் யாரும் கேட்கவில்லை.

பதினான்கு அம்மாக்கள் அந்தக் குழுவில். யாருக்கும் சொந்தப் பெயர் கிடையாது. ஆதிரன் அம்மா. யுவன் அம்மா. நான் தாரகை அம்மா.

தலைக்கு நூறு ரூபாய் என்று முடிவாவதற்கு மூன்று நாள் ஆனது. பிள்ளையின் பிறந்தநாளுக்கு வாசலில் பலூன் வளைவு கட்டுகிறவர்கள். மூன்று நாள்.

பிறகு விதிகள் வந்தன. பொருள் பெரிதாகத் தெரிய வேண்டும். விலை தெரியக் கூடாது. சாப்பிடும் பொருள் வேண்டாம், தின்றால் தீர்ந்துவிடும், ஞாபகம் இருக்காது. புடவை வேண்டாம், அவர் தேர்வு எப்படியோ. பெட்டி கட்டாயம் வேண்டும். பளபளவென்று.

நான் எல்லாவற்றிற்கும் கட்டைவிரல் போட்டேன். கட்டைவிரல் போடுவதில் எனக்கு நல்ல பழக்கம்.

கடைக்காரர் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். பிளாஸ்டிக் ரோஜா. சிரிக்கும் புத்தர். பட்டனை அழுத்தினால் நிறம் மாறும் பூங்கொத்து. தூசி தட்டித் தட்டி வைத்தார். போன வருட நன்றியின் மிச்சம்.

"டீச்சருக்குத்தானுங்க, கொஞ்சம் கொறச்சுப் போடுங்க" என்றாள் சுசரிதா.

டீச்சருக்குத்தானே. அந்தத் 'தானே'யில் எங்கள் எல்லாருடைய மனசும் இருந்தது.

கடைசியில் ஒரு சுவர்க் கடிகாரம். தங்க நிறம், தங்கம் இல்லை. இரண்டு பக்கமும் மயில். மயிலின் தோகையில் கண்ணாடிக் கல். பார்த்தவுடன் பெரிதாகத் தெரிந்தது. எடுத்தால் காற்றுபோல் கனமே இல்லை.

"கார்டுல என்ன எழுதட்டுமுங்க?"

"அன்புடனும் நன்றியுடனும்னு போட்டு, பதினாலு பேர் பேரையும் போட்டுருங்க" என்றாள் சுசரிதா. தன் பெயரை முதலில் சொன்னாள்.

அவள் பணம் கொடுத்துக்கொண்டிருந்தபோது நான் கடையின் மறு ஓரத்தில் ஒரு பேனா வாங்கினேன். வெல்வெட் பெட்டியில் ஒரு நல்ல பேனா. யாரும் பார்க்காமல் கைப்பையில் போட்டுக்கொண்டேன்.

நான் அவர்களைப் போல இல்லை என்று எனக்கு நானே காட்டிக்கொள்ள ஒரு பொருள் தேவைப்பட்டது. அதுவும் என் வசதிக்குள் கிடைத்தது.

*

இப்போது பிப்ரவரியைச் சொல்ல வேண்டும்.

பிப்ரவரியில் ஒரு காலை. பள்ளி வாசல். சுசரிதாவின் கார் பானெட் மேல் ஒரு காகிதம். அவள் கணவர் ஆங்கிலத்தில் அடித்துக் கொடுத்தது. செண்பகவல்லி மிஸ் வகுப்பில் தமிழில் பேசுகிறார், நாங்கள் கட்டும் கட்டணம் ஆங்கிலத்துக்கு, வேறு ஆசிரியை வேண்டும்.

பதிமூன்று கையெழுத்து விழுந்திருந்தது. என் முறை.

இந்த இடத்தில் என் மகளைப் பற்றிச் சொல்லாமல் நகர முடியாது.

தாரகைக்கு எழுத்து நிற்காது. பார்க்கும்போது இருக்கும், படிக்கும்போது ஓடிவிடும். ஒன்றாம் வகுப்பு மிஸ், கவனம் போதாது என்று எழுதினார். இரண்டாம் வகுப்பு மிஸ்ஸும் அதையே எழுதினார், கொஞ்சம் அழகான கையெழுத்தில். பள்ளிக்கூடம் என்றாலே அவளுக்கு வயிறு வலித்தது.

செண்பகவல்லி மிஸ் எதுவும் எழுதவில்லை. மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவளைப் பக்கத்தில் உட்காரவைத்தார். விரலைத் தண்ணீரில் தொட்டு மேசைமேல் எழுதினார். ஒவ்வொரு ஆங்கில வார்த்தைக்கும் தமிழில் ஒரு கதை சொன்னார்.

தப்பா எழுதுனா என்ன கண்ணு, காஞ்சுபோயிரும், திருப்பி எழுதலாம். அப்படிச் சொன்னாராம். தாரகை வீட்டில் வந்து சொன்னாள். ஈர விரலால் எங்கள் சாப்பாட்டு மேசை முழுவதும் எழுதினாள்.

டிசம்பரில் ஒரு நாள் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்தபடி அவள் ஒரு கடைப் பலகையைப் படித்தாள். மெ. டி. கல். இன்னொன்று. பே. க்க. ரி. நான் வண்டியை ஓரம் கட்டினேன். ஹெல்மெட்டுக்குள் அழுதேன்.

அது டிசம்பர். இது பிப்ரவரி.

பின்னால் ஒரு வேன் ஹாரன் அடித்தது. சுசரிதா பேனாவை நீட்டினாள். பதிமூன்று பேர் போட்டுவிட்டார்கள். நான் மட்டும் போடாவிட்டால் ஏன் என்று கேட்பார்கள். பதில் சொல்ல வேண்டும். நேரமாகிக்கொண்டிருந்தது.

இவ்வளவுதான் காரணம். இதைவிடப் பெரிய காரணம் இருந்தால் எனக்கே ஆறுதலாக இருந்திருக்கும்.

போட்டேன். பேனாவைத் திருப்பிக் கொடுக்கும்போது தேங்க்ஸ் என்றும் சொன்னேன்.

நிர்வாகத்துக்கு ஒரு சாக்கு போதுமாயிருந்தது. ஜூனிலிருந்து வர வேண்டாம் என்று அவரிடம் சொல்லிவிட்டார்கள். செய்தி குழுவுக்கு வந்தது. அடுத்த செய்தி: மிஸ்ஸுக்கு என்ன கிஃப்ட் வாங்கலாம்?

இரண்டு செய்திகளுக்கும் நடுவில் பதினோரு நிமிடம். அந்த இடைவெளியில் யாருக்கும் எதுவும் தோன்றவில்லை.

*

கடைசி நாள். வகுப்பறைச் சுவரில் படங்களைக் கழற்றிவிட்டிருந்தார்கள். ஒட்டிய இடங்கள் மட்டும் வெள்ளை வெள்ளையாகத் தெரிந்தன. ஜன்னலுக்கு வெளியே கோடை மேகம் கூடிக்கொண்டிருந்தது.

மிஸ் வெளிர்நீல நூல் புடவையில் நின்றார். இடது கையால் எழுதுகிறவர். இடது விரல் நுனிகளில் சாக்பீஸ் வெள்ளை.

சுசரிதா பேசினாள். உங்கள் சேவை, உங்கள் பொறுமை, எங்கள் பிள்ளைகள். எங்கிருந்தோ மனப்பாடம் செய்தது. எல்லாரும் கைதட்டினோம். போன்கள் உயர்ந்தன. மயில் கடிகாரம் மிஸ்ஸின் கைகளில். சிரிங்க மிஸ். மிஸ் சிரித்தார். எடுத்தார்கள்.

பிறகு அவர் கார்டைப் பிரித்துப் படித்தார். நிதானமாகப் படித்தார். நோட்டுத் திருத்துகிறவர் படிப்பதுபோல, ஒவ்வொரு பெயராக.

"பதினாலு பேருங்களா?"

"எல்லாரும் சேந்து குடுக்கறதுங்க மிஸ்" என்றாள் சுசரிதா.

"சந்தோசமுங்க." கார்டை மடித்தார். "இதே பதினாலு பேரைப் பிப்ரவரியில ஒரு காயிதத்துல பாத்தனுங்க. ஆபீஸ்ல கூப்புட்டுக் காட்டுனாங்க. அதுலயும் உங்க பேருதான் மொதல்ல இருந்துச்சுங்க மேடம்."

குரல் உயரவில்லை. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது.

யாரோ இருமினார்கள். யாரோ பிள்ளையைத் தேடுவதுபோல வெளியே பார்த்தார்கள். பதினான்கு முகங்கள், பதினான்கிலும் திருட்டு முழி. என் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்க்கவும் தேவையில்லை.

"கடியாரத்த இங்கயே மாட்டிருங்க" என்றார் மிஸ். "எங்க வீட்ல ஆணி அடிச்சா வீட்டுக்காரம்மா சத்தம் போடுவாங்க. அடுத்து வர்ற மிஸ்ஸுக்கு ஒதவட்டும்."

மேசைமேல் வைத்தார். மயில்கள் கூரையைப் பார்த்துக் கிடந்தன.

படியிறங்கும்போது சுசரிதா சொன்னாள். "என்ன திமிரு பாத்தீங்களா? அதான் எழுதிக் குடுத்தோம்." எல்லாரும் தலையாட்டினார்கள். அரை நிமிடத்தில் அவர்கள் மறுபடியும் நல்லவர்களாகிவிட்டார்கள். கார் கதவுகள் சாத்தும் சத்தம்.

அவர்கள் வீடு போய்ச் சேர்வதற்குள் குழுவில் படம் வந்துவிட்டது. கார்டு பிரிப்பதற்கு முன் எடுத்த படம். கீழே பன்னிரண்டு இதயங்கள்.

நான் இதயம் போடவில்லை. அப்போது நான் படிக்கட்டில் திரும்பி ஏறியிருந்தேன்.

*

மிஸ் பையில் தன் பொருள்களை வைத்துக்கொண்டிருந்தார். டஸ்டர். ஒரு டிபன் பாக்ஸ். சிவப்புப் பேனா இரண்டு.

"மிஸ், இது நான் தனியா..." வெல்வெட் பெட்டியை நீட்டினேன்.

அவர் பெட்டியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். வகுப்பில் வீட்டுப்பாடம் எழுதாமல் வந்தவள்போல நின்றேன்.

"மன்னிச்சிருங்க மிஸ்."

"பேனா எங்கிட்ட இருக்குங்க." பையின் ஜிப்பை இழுத்தார். அது பாதியில் சிக்கியது. சரிசெய்துகொண்டே பேசினார். "ஜூன்ல நா வேற ஸ்கூல் தேடோணும். போற எடத்துல, அங்கிருந்து ஏன் நின்னீங்கன்னு கேப்பாங்க. எதையாச்சும் குடுக்கோணும்னு இருந்தா ஒரு காயிதம் குடுங்க. தாரகை எப்புடி வந்தா, இப்ப எப்புடி இருக்கான்னு. அவ்வளவு போதும். உங்க கையெழுத்துப் போட்டு."

கடையில் இருந்த எல்லாவற்றையும்விட விலை குறைந்தது. ஒற்றைத் தாள்.

எனக்கு மட்டும் அதன் விலை அதிகம்.

ஏனென்றால் தாரகை ஜூனில் அதே பள்ளிக்கூடத்தில் நான்காம் வகுப்பு போக வேண்டும். ஏனென்றால் காகிதம் ஊர் சுற்றும். எதிர்த்துச் சொல்லும் பெயர் ஒன்று, பதினான்கிலிருந்து பிரிந்து, தனியாக நிற்கும்.

மறுநாள் காலை சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தேன். ஆங்கிலத்தில் தொடங்கினேன். கிழித்தேன். தமிழில் தொடங்கினேன். குழுவில் ஒரு செய்தி போட்டேன். மிஸ்ஸுக்காக ஒரு கடிதம் எழுதுகிறேன், யாரெல்லாம் கையெழுத்துப் போடுகிறீர்கள்?

ஒவ்வொருவராகப் பார்த்தார்கள். பதிமூன்று பேரும் பார்த்தார்கள். ஒருத்திகூடப் பேசவில்லை. கடிகாரத்துக்குப் பெயர் கொடுத்தவர்கள். புகாருக்குப் பெயர் கொடுத்தவர்கள். எதற்கும் பெயர் கொடுப்பார்கள், எதிரே ஆள் நிற்காதவரை.

பிறகு சுசரிதா கூப்பிட்டாள். குரலில் அத்தனை இனிப்பு.

"முடிஞ்சு போனத எதுக்குங்க கெளறோணும்? உங்க பொண்ணு இங்கதான படிக்கோணும்?"

பாதியிலேயே போனை வைத்தேன். அலட்சியத்தால் என்று நினைத்துக்கொண்டேன். போனைக் குப்புறக் கவிழ்த்தபோதுதான் அது பயம் என்று தெரிந்தது. அந்தப் பயத்தோடே எழுதினேன். எழுதி முடித்ததைத் தாரகை வாங்கி, விரல் வைத்து, முழுவதும் படித்தாள். ஒரு இடத்தில்கூட எழுத்து ஓடவில்லை.

"நல்லாருக்கும்மா" என்றாள்.

*

கோட்டூர் ரோட்டில் ஒரு சந்து. ஒட்டி ஒட்டி ஐந்து வீடுகள், அவருடையது கடைசி. நான் ஸ்கூட்டரை நிறுத்தும்போது மழை தொடங்கியது. கோடை மழை. பெரிய பெரிய துளிகள், மண் எழும்பியது.

மிஸ் வாசலிலேயே நின்று படித்தார். முகம் மாறவில்லை. நான் அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன், ஒரு சின்ன இளக்கத்துக்காக. நன்றி சொல்ல வந்தவள் நன்றியை எதிர்பார்த்து நின்றேன்.

உள்ளே போய்ச் சிவப்புப் பேனாவோடு வந்தார். ஒரு வார்த்தையைச் சுற்றி வட்டம் போட்டார்.

"மிகுந்த அக்கரையுடன் சொல்லிக் கொடுத்தார்னு எழுதிருக்கீங்க."

"ஆமாங்க மிஸ்."

"அக்கரைன்னா ஆத்துக்கு அந்தப் பக்கம். நீங்க சொல்ல வந்ததுக்குப் பெரிய ற போடோணும்."

மழை ஓட்டின்மேல் கொட்டியது. எனக்குக் காதுவரை சுட்டது.

"திருத்திக் குடுத்தர்றேன் மிஸ்."

"அடிச்சுத் திருத்துனா நல்லாருக்காதுங்க. அவங்க பாக்கற காயிதம். புதுசாவே எழுதீருங்க." ஒரு நோட்டின் நடுப்பக்கத்தைப் பிரித்து எடுத்தார். ஒரு முக்காலியைக் காட்டினார். "இங்கயே உக்காருங்க. மழையும் விடட்டும்."

உட்கார்ந்தேன். கைப்பையில் பேனா தேடினேன். அந்த வெல்வெட் பெட்டிதான் கிடைத்தது. அதைப் பிரித்து அதனாலேயே எழுதினேன். மிஸ் பின்னால் நின்றார். முதுகில் அவர் பார்வை.

முதல் வரியிலிருந்து எழுதினேன். என் மகளால் படிக்க முடியாமல் இருந்தது. இரண்டு வருடம். அந்த இடம் வந்தபோது நிறுத்தி, அக்கறை என்று எழுதினேன். சரிதானா என்று திரும்பிப் பார்த்தேன்.

"ம். அடுத்த வரி."

ஜூனில் அவருக்கு ஆனைமலைப் பக்கம் ஒரு பள்ளியில் வேலை கிடைத்தது. அந்தக் காகிதத்தால்தானா என்று எனக்குத் தெரியாது. குழுவிலிருந்து என்னை அதற்கு முன்பே நீக்கிவிட்டார்கள். தாரகை அதே பள்ளியில்தான் படிக்கிறாள். அவள் பிறந்தநாளுக்கு யாரும் வரவில்லை. இதெல்லாம் பிறகு.

அன்று அந்த மழையில் நான் எழுதி முடித்துக் கையெழுத்துப் போட்டு நீட்டினேன். மிஸ் வாங்கினார். வரி வரியாகப் படித்தார். தப்பு இல்லை.

எத்தனையோ வருடப் பழக்கம். தாளின் அடிக்குச் சிவப்புப் பேனா தானாக இறங்கியது, ஒரு டிக் போட.

தாளைத் தொடும் முன் நின்றது.

அவர் பேனாவின் மூடியை எடுத்து, நிதானமாக மூடினார்.