மூங்கில் குருத்துப் பொரியல்

என் கணவர் திருமூர்த்தி வேலை பார்க்கும் பம்பு கம்பெனிக்கு ஜப்பானிலிருந்து ஹயாஷி என்ற இன்ஜினியர் வந்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை மதியம் எங்கள் வீட்டில் விருந்து. அவர்கள் ஊரில் மூங்கில் குருத்தை விரும்பிச் சாப்பிடுவார்கள் என்று செல்போனில் பார்த்ததும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. கோயமுத்தூரில் என்னைப் போல விருந்து வைக்க ஆளில்லை என்ற நினைப்பு எனக்கு எப்போதும் உண்டு.

உழவர் சந்தையில் கீரை விற்கும் அன்புக்கரசிக்குச் சத்தியமங்கலம் பக்கம் தோட்டம். கேட்டதும் வேலியோர மூங்கிலில் வெட்டிக்கொண்டு வந்து கொடுத்தார்.

"அம்மணி, இத நறுக்கித் தண்ணில போட்டு..."

"எனக்குத் தெரியுமுங்க" என்று பையை வாங்கிக்கொண்டேன். கீரைக்காரம்மா எனக்குச் சமையல் சொல்லித் தருவதா?

வாழைத்தண்டு மாதிரிதானே என்று பொடியாக நறுக்கி, தேங்காய்ப்பூ தூவிப் பொரியல் செய்தேன். விருந்துக்குச் செய்வதை முன்னால் வாயில் வைத்துப் பார்ப்பது எங்கள் வீட்டில் வழக்கமில்லை. விருந்தாளி எழுந்த பிறகுதான் நாங்களும் உட்காருவோம்.

ஹயாஷி முதல் வாயில் சற்று நிதானித்தார். பிறகு சிரித்தபடியே முழுவதையும் தின்றார். "கூச்சப்படாதீங்க" என்று இன்னும் இரண்டு கரண்டி வைத்தேன். பாவம், அதையும் தின்றார். கொஞ்ச நேரத்தில் வாஷ்பேசினைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தார்.

"என்ன போட்ட பிரவீனா?" என்றார் என் கணவர்.

"நானென்னங்க பண்ணுவேன், அந்தம்மா பழசக் குடுத்துப்போட்டாங்க."

என் கணவர் மறுநாளே சந்தைக்குப் போய் நாலு பேர் முன்னால் அன்புக்கரசியைத் திட்டிவிட்டு வந்தார். பச்சைக் குருத்தில் நஞ்சு உண்டு, அது போக ஊறவைத்து, வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்ட வேண்டும் என்பதை அதற்குள் நான் படித்துவிட்டிருந்தேன். ஆனாலும் அவரைத் தடுக்கவில்லை.

அடுத்த ஞாயிறு அன்புக்கரசி தூக்குப்போசியோடு வாசலில் நின்றார்.

"காலைல வெட்டுனதுதானுங்க அம்மணி. எப்படிக் கெட்டுச்சுன்னே தெரியலீங்க. மன்னிச்சுப்போடுங்க. இந்தத் தடவ ரெண்டு நாள் ஊறப்போட்டு, வேகவெச்சே கொண்டாந்துட்டேன்."

ஹாலில் என் கணவர் பேப்பரை மடித்துவிட்டு எங்களைப் பார்த்தார். உண்மையைச் சொல்ல ஒரு வார்த்தை போதும். வாயைத் திறந்தேன்.

"பரவாயில்லீங்க" என்றேன்.

அன்புக்கரசிக்குக் கண் கலங்கிவிட்டது. "பெரிய மனசுங்க உங்களுக்கு."

வெட்கத்தில் என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. அதையும் அவர் அடக்கம் என்றுதான் நினைத்திருப்பார்.