சத்தம் கொடுக்காத அடி

கோபக்காரனுக்கு ஏற்ற வேலை என்னுடையது. பழைய கட்டிடங்களை உடைக்கிறேன். எட்டுக் கிலோ சம்மட்டிதான் பதினேழு வருடமாக எங்கள் வீட்டுக்குச் சோறு போடுகிறது, நடுவில் ஒரு ஆறு மாதம் தவிர.

அந்த ஆறு மாதம் ஒன்பது வருடத்துக்கு முந்தைய கதை. பதற்ற நோய் என்றார் டாக்டர். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நெஞ்சு படபடக்கும், விரல் மரத்துப்போகும், மூச்சு தொண்டையிலேயே நிற்கும், இதோ செத்தேன் என்று தோன்றும். மலை மாதிரி ஆள், குளியலறைத் தரையில் சுருண்டு கிடந்து அழுதேன். மாத்திரை, பேச்சு, நடை என்று எப்படியோ எழுந்து வந்தேன். "திரும்ப வரலாம். வந்தா மறைக்காதீங்க, கூட இருக்கறவங்ககிட்ட சொல்லிடுங்க," என்றார் டாக்டர். உன் வாயில மண்ணுய்யா என்று மனசுக்குள் திட்டிவிட்டு வெளியே வந்தேன்.

போன செவ்வாய்க்கிழமை, பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது வந்தது. அதே படபடப்பு, அதே மரத்துப்போன விரல். கண்ணாடியில் வெளுத்துப்போன ஒரு மூஞ்சி என்னைப் பார்த்தது. ஓங்கி ஒரு குத்து விட்டேன். கண்ணாடி சிதறியது, விரல் முட்டியிலிருந்து ரத்தம் வாஷ்பேசினில் சொட்டியது.

"என்னங்க ஆச்சு?" என்று மனைவி ஓடி வந்தாள்.

"கை வழுக்கிடுச்சு. போ, போய் வேலையப் பாரு!" என்று கத்தினேன்.

யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் மேஸ்திரி சம்மட்டியைப் பிடுங்கிவிடுவார். அதைவிட, அந்தப் பரிதாபப் பார்வையை இன்னொரு தரம் என்னால் தாங்க முடியாது. அதற்குச் சாவதே மேல் என்று நினைத்தேன். அடிபடப்போவது நானில்லையே, முட்டாள்!

எனக்கு உளி பிடிப்பது மாப்பிள்ளை, என் தங்கை புருஷன். கல் சில்லு கண்ணில் அடிக்கும் என்பதால் உளி பிடிப்பவன் முகத்தைத் திருப்பிக்கொள்வான். அவன் சம்மட்டியைப் பார்க்கவே மாட்டான். காதுதான் அவனுக்குக் கண். அடி விழுந்துகொண்டே இருந்தால் உளியைத் தாங்கிப் பிடிப்பான். அடி நின்றால், நான் ஓய்வெடுக்கிறேன் என்று எடுத்துக்கொண்டு, சம்மட்டி விழுகிற உளித் தலையைப் பிடித்து ஆட்டித் தளர்த்துவான். மறுபடி அடிக்கும் முன் நான் "போடுறேன்!" என்று சத்தம் கொடுக்க வேண்டும். கையை எடுத்துவிடுவான். பதினைந்து வருடமாக இதில் ஒரு பிசகு கிடையாது.

வியாழக்கிழமை, இரண்டாவது மாடித் தளத்தை உடைத்துக்கொண்டிருந்தோம். பதினொரு மணி இருக்கும். சம்மட்டியை ஓங்கியபோது மூச்சு அடைத்தது. தளம் காலுக்குக் கீழே நழுவுகிற மாதிரி இருந்தது. நின்றுவிட்டேன். மாப்பிள்ளை திரும்பிப் பார்த்துவிடுவானோ என்று பயம். சத்தம் கொடுத்தால் குரல் நடுங்கும், கண்டுபிடித்துவிடுவான். நான் ஒன்றும் செத்துப்போகவில்லை என்று ஒரு வெறி. இருக்கிற பலத்தையெல்லாம் சேர்த்து, வாயைத் திறக்காமல் போட்டேன்.

இரும்பில் விழும் சத்தம் வரவில்லை. மாப்பிள்ளையின் அலறல்தான் வந்தது.

வலது கையில் இரண்டு விரல் நசுங்கிக் கூழாகிவிட்டது. அன்றே எடுத்துவிட்டார்கள்.

மறுநாள் காலை மேஸ்திரி ஆஸ்பத்திரிக்கு வந்தார். வந்ததும் வராததுமாக என்னைத்தான் கேட்டார்.

"நீ சத்தம் கொடுத்தியா இல்லையா?"

"கொடுத்தேன்," என்றேன்.

மேஸ்திரி கட்டில் பக்கம் திரும்பினார். "சத்தம் கேட்டும் உளித் தலையில கை வச்சிருக்கியே, உனக்கு அறிவிருக்கா? கை ஆறினாலும் என் வேலைப் பக்கம் வந்துடாதே. அடுத்த தரம் தலையக் கொடுப்பே!"

மாப்பிள்ளை என்னையே பார்த்தான். விரலும் போய், பிழைப்பும் போய், பேரும் கெட்டுப் படுத்திருக்கிறான். அவனுடைய கட்டுப் போட்ட கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு தங்கை உட்கார்ந்திருந்தாள். மேஸ்திரி கிளம்பிக் கதவைத் தாண்டும் முன் எனக்கு நெஞ்சு வெடித்தது.

"கொடுக்கல!" என்று கத்தினேன். வார்டே திரும்பிப் பார்த்தது. "நான் சத்தம் கொடுக்கல. எனக்குப் பழைய வியாதி திரும்பிடுச்சு. செவ்வாக்கிழமையிலேர்ந்து மறைச்சேன். அவன்மேல தப்பே இல்ல."

மேஸ்திரி என்னை மேலும் கீழும் பார்த்தார். "இனி உன் கையில சம்மட்டி கிடையாது. அவன் இடம் அவனுக்கு இருக்கும்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

தங்கை எழுந்தாள். தண்ணீர் நிறைந்த ஸ்டீல் பாட்டிலால் என் தோளில் அடித்தாள், மார்பில் அடித்தாள். "பாவி! நீ கெடந்தப்ப ஆறு மாசம் உனக்குச் சோறு ஊட்டின கை அது, அண்ணா!" நர்ஸ் வந்து அவளை இழுத்துக்கொண்டு போனாள். நான் தடுக்கவே இல்லை. இன்னும் நாலு போட்டிருக்கலாம்.

"கிட்ட வா," என்றான் மாப்பிள்ளை.

குனிந்தேன். நல்ல கையால் என் சட்டையைக் கொத்தாகப் பிடித்தான். மண்டையால் என் மூக்கில் ஒரு முட்டு முட்டினான். கண்ணில் பொறி பறந்தது, ரத்தம் உதட்டுக்கு இறங்கியது.

"எனக்குப் புதன்கிழமையே தெரியும்டா. உன் மூச்சு சத்தம் தெரியாதா எனக்கு? நீயா சொல்லுவேன்னு காத்திருந்தேன். சொல்லியிருந்தா உளிய நீ பிடிச்சிருப்பே, சம்மட்டிய நான் அடிச்சிருப்பேன். அவ்வளவுதானே மச்சான்? அதுக்குப் போயி ரெண்டு விரலா?"

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். மூச்சு வரவில்லை. விரல்கள் மரத்தன. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

"என்ன?" என்றான்.

"வருது, மாப்ளே," என்றேன். "இப்ப வருது. பயமா இருக்கு."

சட்டையை விடாமல் என்னைக் கட்டிலுக்கு இழுத்தான்.

"உக்காரு. மெதுவா மூச்ச விடு. இது போகட்டும், மிச்சத்த அப்புறம் அடிக்கிறேன்."