உத்தரத்தின் முதுகு

"ஆடாமப் பிடி அக்கா" என்றான் லமார்.

முன் மூலைத் தூணுக்குத் தோளால் முட்டுக் கொடுத்து நின்றாள் ரோவீனா. தெற்கு ஜார்ஜியாவின் ஜூன் மாதத்துப் பொடிப்பூச்சிகள் கண்ணை மொய்த்தன. இரண்டு கையும் தூணில் இருந்ததால் வாயோரத்தால் ஊதி விரட்டினாள். தம்பி ரசமட்டத்தை வைத்துக் குமிழியைப் பார்த்தான்.

ஜன்னலுக்குள்ளே கட்டிலில் கிடந்த அம்மா, "நேரா இருக்காடா என் ராசா?" என்றாள்.

"நூல் பிடிச்ச மாதிரி இருக்கும்மா!"

ராசாவாம். ஒன்பது வருஷமாகக் குளிப்பாட்டி, கஞ்சி ஊட்டி, படுக்கையை மாற்றியவளை ஒரு நாளாவது ராணி என்று கூப்பிட்டிருப்பாளா? அட்லாண்டாவிலிருந்து இவன் வந்து எட்டு நாள்தான் ஆகிறது. அம்மா முப்பது வருஷமாகக் கேட்ட கம்பிவலை வராந்தாவுக்கு நாலு தூண் நட்டான். உடனே கட்டிலை ஜன்னல் பக்கம் திருப்பச் சொல்லிவிட்டாள். திருப்பியதும் ரோவீனாதான்.

பிறகு முன் உத்தரத்தைத் தூக்கினார்கள். எந்த மரமும் முழு நேராக இருக்காது, ஒரு பக்கம் லேசாக முதுகு வளைந்திருக்கும். அந்த முதுகு மேலே இருக்க வேண்டும். கூரையின் பாரம் அதை அமுக்கி நேராக்கிவிடும். கீழே போனால் வருஷத்துக்கு வருஷம் தொங்கும். தச்சரான அப்பா ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்து, எது மேல்பக்கம் என்று பென்சிலால் அம்புக்குறி போட்டுவிட்டுத்தான் மரத்தைத் தொடுவார். லமார் பார்க்கவே இல்லை.

ரோவீனா பார்த்தாள். முதுகு கீழே இருந்தது. வாய் வரைக்கும் வந்ததை விழுங்கிக்கொண்டாள். தொங்கட்டும். ராசா கட்டின வராந்தா நல்லாத் தொங்கட்டும். அவன் ஆணி அடித்து முடிக்கும்வரை உத்தரத்தைத் தாங்கிப் பிடித்தாள்.

மத்தியானம் லமார் ஆணி வாங்கக் கடைக்குப் போயிருந்தான். சோளக்கஞ்சியோடு உள்ளே போன ரோவீனாவின் மணிக்கட்டை அம்மா பிடித்தாள்.

"உத்தரம் தலைகீழா இருக்கு."

ரோவீனா கஞ்சிக் கிண்ணத்தைக் கட்டிலோரம் வைத்தாள்.

"அவனுக்குத் தெரியல. நீ பாத்துட்டுத்தான் சும்மா இருந்த. நான் உன் மூஞ்சியத்தான பாத்துட்டு இருந்தேன்."

"அம்மா..."

"அவன்கிட்ட சொல்லாத, மனசு ஒடஞ்சிருவான். அவன் போனப்புறம் நீயே திருப்பிப் போட்ரு." அம்மா மூச்சு வாங்கினாள். "உங்கப்பா கண்ணு உனக்குத்தான்டி வந்துச்சு."

இரண்டு கரண்டி கஞ்சி இறங்கியது. மூன்றாவது கடைவாயில் வழிந்தது. ரோவீனா துடைத்துவிட்டு அடுத்த கரண்டியை எடுத்தாள். அதற்குள் அம்மா போய்விட்டிருந்தாள்.

அடக்கத்தன்று சர்ச் ஆட்கள் பொரித்த கோழியும் கேக்கும் கொண்டுவந்து மேசையை நிரப்பினார்கள். பக்கத்து வீட்டு டெல்ஃபின் வெளியே நின்ற தூண்களைத் தடவிப் பார்த்தாள்.

"சாகறதுக்குள்ள அம்மா ஆசைய நிறைவேத்திட்டியே லமார்! அப்படியே உங்கப்பா கண்ணு உனக்கு!"

லமார் தலை குனிந்து அழுதான். ரோவீனாவின் நாக்கு நுனியில் ஒரே ஒரு வார்த்தை நின்றது. அதைச் சொன்னால் போதும், அத்தனை பேரும் தலையைத் தூக்கி உத்தரத்தைப் பார்ப்பார்கள். அப்பா கண்ணு யாருக்கு வந்தது என்று தெரிந்துபோகும். சொல்லத்தான் ஆசையாக இருந்தது அவளுக்கு.

"இன்னொரு துண்டு கேக் எடுத்துக்கங்க டெல்ஃபின்" என்றாள்.

மறுநாள் லமார் கிளம்பினான். கூரையை நவம்பரில் வந்து போடுகிறேன் என்றான். அதற்கடுத்த காலையில் ரோவீனா ஏணி போட்டு ஏறினாள். ஆணிகளைப் பிடுங்கி, ஒவ்வொரு முனையாகக் கயிறு கட்டி உத்தரத்தை இறக்கினாள். புரட்டிப் போட்டு மறுபடி ஏற்ற மதியமாகிவிட்டது. உள்ளங்கை இரண்டும் கொப்பளித்துவிட்டன.

ஏணியில் நிற்கும்போதே போன் அடித்தது.

"அக்கா, ராத்திரி அங்க காத்தாமே? உத்தரம் நேரா இருக்கா?"

ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்தாள்.

"நேராத்தான் இருக்குடா" என்றாள்.

போனைப் பையில் போட்டாள். காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து, கூரை வந்தால் மறைந்துபோகும் இடத்தில் மேல்நோக்கி ஓர் அம்புக்குறி போட்டாள்.