வயரோடு கதைக்காதீங்க

காலையில் சுபஹுக்கு நான்தான் முதலில் எழும்புவேன். தொழுதுவிட்டுத் தேத்தண்ணிக்கு அடுப்பை மூட்டுவேன். பிறகு கட்டில் ஓரத்தில் இருந்து ஸம்றாவின் உள்ளங்கையைத் திறந்து விரலால் எழுதுவேன். என்ன கிழமை. மழையா, வெயிலா. யாராவது மௌத்தாகி, பள்ளிவாசல் ஸ்பீக்கரில் மரண அறிவித்தல் வந்திருந்தால் அதுவும்.

"ஆரு?" என்பாள். பெயரை எழுதுவேன்.

"நல்ல மனிசன். வாய்தான் கொஞ்சம் கூட."

பிறகு, "மச்சான், தேத்தண்ணியில சீனி காணாது" என்பாள். ஒவ்வொரு நாளும் இதுதான்.

ஸம்றா என் மனைவி. அவளுக்குப் பிறவியிலேயே பார்வை மங்கல். பன்னிரண்டு வயதில் வந்த மூளைக்காய்ச்சல் மிச்சப் பார்வையையும் காதையும் சேர்த்து எடுத்தது. பேச்சு மட்டும் போகவில்லை. தன் குரல் தனக்குக் கேட்காததால் சத்தமாகக் கதைப்பாள். பிரெயிலில் கவிதை எழுதினாள். இரண்டு தொகுப்பு வந்தது. கல்முனையில் மாற்றுத்திறனாளிகளுக்கு ஒரு சங்கம் நடத்தினாள்.

போன வருடம் சங்கம் ஒரு கூட்டம் வைத்தது. கொழும்பிலிருந்து ஓர் அதிகாரி வந்திருந்தார்.

"இவங்களுக்கு என்ன வேணுமாம்?" என்று என்னிடம் கேட்டார்.

அதை அவள் கையில் எழுதினேன். அவள் எழுந்து நின்றாள்.

"சேர், என்னோட கதைங்க. இவர் என்ட டெலிபோன் வயரு. ஆராச்சும் வயரோட கதைப்பாங்களா?"

மண்டபம் சிரித்தது. சிரிக்கிறார்கள் என்று எழுதினேன்.

"அவருமா?"

ஓம் என்று எழுதினேன்.

"அப்ப கேக்கலாம்" என்றாள்.

அவள் கேட்டது ஒன்றே ஒன்று. கண்ணும் காதும் இல்லாத ஒருவரை ஆஸ்பத்திரியில் சேர்த்தால், அவருடைய கையில் எழுதுகிறவர் ஆணோ பெண்ணோ பக்கத்தில் நிற்க அனுமதிக்க வேண்டும். நல்ல விஷயம், பரிசீலிப்போம் என்றார் அதிகாரி. கை தட்டினார்கள். போகும்போது ஒவ்வொருவராக வந்து அவள் தோளில் தட்டிவிட்டுப் போனார்கள்.

வீட்டுக்கு வந்து அவள் எழுதியது இது:

எல்லோரும் என் தோளில் தட்டுகிறார்கள்.
திறக்கும்வரை
ஒருவரும் நிற்பதில்லை.

இந்த மாரி மழையில் வெள்ளம் வீட்டுக்குள் வந்தது. வடிந்த பிறகு ஸம்றாவுக்குக் காய்ச்சல். எலிக்காய்ச்சல் என்று சொல்லி ஆஸ்பத்திரியில் சேர்த்துக்கொண்டார்கள். பெண்கள் வார்டு. ஆண்கள் பார்வை நேரத்தில் மட்டும்தான் போகலாம். மாமி துணைக்கு நின்றார். மாமிக்கு எழுதத் தெரியாது. சாப்பிடு, இரு, வா என்று தொட்டுச் சொல்லும் நாலைந்து சொல்தான் அவருக்கும் மகளுக்கும் இடையில். கையில் எழுதத் தெரிந்த இன்னொருத்தி சங்கத்துச் செயலாளர் றுஸ்தா. அவள் இறக்காமம் ஊரில் இருந்தாள். பாதை தண்ணீரில் கிடந்தது.

மறுநாள் விடிந்ததும் மாமி எனக்குப் போன் எடுத்தார்.

"மருமகன், புள்ளட கை ரெண்டையும் கட்டிப் போட்டாங்க. என்ன ஊசி, ஏன் குத்துறீங்க எண்டு கேட்டுக்கிட்டே இரிக்காள். நான் எதால சொல்ற?"

ஓடினேன். வாசலில் காவலாளி மறித்தார்.

"ஆம்பிளையள் பன்ரெண்டு மணிக்குத்தான்."

"என்ட மனிசிக்குக் கண் தெரியாது. நான் போகாட்டி ஒண்டும் வெளங்காது அவக்கு."

"கண் தெரியாட்டி என்ன, நேர்ஸ் மிஸ்மார் சொல்லுவாங்கதானே?"

"காதும் கேக்காது."

"அப்ப நீங்க போய் மட்டும் என்ன செய்யப் போறீங்க?"

நான் என் கையைக் காட்டினேன். அவருக்கு விளங்கவில்லை.

பன்னிரண்டு மணிக்கு முன்பே அவளைத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். அங்கே பார்வை நேரமே இல்லை. வார்டில் நின்ற செலீனா மிஸ்தான் டொக்டரிடம் கெஞ்சிப் பத்து நிமிடம் வாங்கித் தந்தார். அங்கி போட்டார்கள். முகக்கவசம். இரண்டு கைக்கும் றப்பர் கையுறை.

ஸம்றா வீங்கியிருந்தாள். கழுத்தில் ரத்தம் சுத்திகரிக்கும் மெஷினின் குழாய். விரல் நுனியிலிருந்து முழங்கைவரை பண்டேஜ் சுற்றி, கட்டில் கம்பியோடு கட்டியிருந்தது.

"மூண்டு தரம் ஊசியப் புடுங்கிட்டா" என்றார் செலீனா மிஸ். "ரெத்தமாக் கொட்டிச்சு. நாங்க வேற என்ன செய்யிற, தம்பி?"

"அது கையில்ல, மிஸ். அவட காது. ஒரு கைய அவுத்து விடுங்க. நான் எழுதினா அசைய மாட்டா."

"மெஷின் ஓடுது. கை கழுத்துக்குப் போச்செண்டா ஆளே இல்ல."

"அப்ப என்ட கையுறைய எண்டாலும் கழட்டுறன். ஒரு விரல்."

மிஸ் டொக்டரைப் பார்த்தார். டொக்டர் தலையை ஆட்டினார். மற்றக் கட்டில்களில் எல்லாம் கிருமி, கழட்ட ஏலாது என்றார்.

எழுத இடம் தேடினேன். கன்னம்தான் இருந்தது. கையுறை விரலால் என் பெயரின் முதல் எழுத்தை எழுதினேன். ஸம்றா திடுக்கிட்டு முகத்தைத் திருப்பினாள். அந்நிய ஆண் தொட்டால் திருப்புவது போல. மறுபடி எழுதினேன். உதட்டைக் கடித்துக்கொண்டு தலையணைக்குள் முகத்தை அமுக்கினாள். பிறகு பேசினாள். எல்லாக் கட்டிலுக்கும் கேட்கும் சத்தத்தில்.

பத்து நிமிடம் முடிந்தது. பின்னேரம் அவளுடைய தொண்டைக்குள் குழாய் வைத்தார்கள். வெள்ளிக்கிழமை மௌத்தானாள்.

சங்கம் நினைவுக் கூட்டம் வைக்கிறது. றுஸ்தா பதாகை அடித்திருக்கிறாள். அதில் அந்தத் தோளில் தட்டும் கவிதை, கீழே "ஸம்றாவின் இறுதி வரிகள்" என்று போட்டிருக்கிறது. யாரும் என்னிடம் கேட்கவில்லை. அவை இறுதி வரிகள் இல்லை. அவள் கடைசியாகச் சொன்னது இது:

"தொடாதீங்க டொக்டர். என்ட மச்சான் வெளிய நிப்பாரு. அவர ஒருக்கா உள்ள உடுங்க."