சிவப்பு மை ஓடிய குழாய்

ஸ்டென்ட் வைத்த மருத்துவர் ஒரே ஒரு தப்புதான் செய்தார். "உங்களுக்குக் குழாய்த் தொழில், சொன்னா சட்டுனு புரியும்" என்று ஆரம்பித்துவிட்டார். காலமெல்லாம் நகரத்துக்குக் குடிநீர்க் குழாய் பதித்து ஓய்வு பெற்ற பொறியாளர் அதற்குப் பிறகு சும்மா இருப்பாரா?

மருத்துவர் நிதானமாகத்தான் சொன்னார். ஸ்டென்ட் என்பது கம்பி வலையால் ஆன சின்னக் குழல். சுருங்கிய ரத்தக்குழாயை விரித்துப் பிடித்துக்கொள்ளும். ரத்தத்தில் சிவப்பணுக்கள்தான் பெருங்கூட்டம், அவை நடுவில் ஓடும். ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் பொடிசுகள். கூட்டம் நெருக்கித் தள்ளுவதால் ஓரமாக ஒதுங்கும். ஓரத்தில்தான் கம்பி இருக்கிறது. கம்பிக்குப் பின்னால் ஓட்டம் மந்தமாகிச் சுழலும் இடத்தில் அவை தங்கும், கம்பியைக் காயம் என்று நினைத்து ஒட்டும். கம்பியின் மேல் தோல் மூடும்வரை ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரையை ஒரு நாளும் விடக் கூடாது. பொறியாளர் அதற்குள் மருந்துச்சீட்டின் பின்பக்கத்தில் படம் வரைந்து மருத்துவருக்கே விளக்க ஆரம்பித்திருந்தார்.

வீட்டுக்கு வந்த வாரமே சாப்பாட்டு மேசை ஆராய்ச்சிக்கூடம் ஆயிற்று. மீன்தொட்டி மோட்டார், ஒரு கண்ணாடிக் குழாய், அதற்குள் ஸ்டென்ட்டுக்குப் பதிலாகப் பேனாவிலிருந்து உருவிய ஸ்பிரிங், ஒரு வாளித் தண்ணீரில் சிவப்பு மை. நலம் விசாரிக்க வந்தவர்கள் ஆப்பிளும் அறிவுரையும் கொண்டுவந்தார்கள். அவர் ஆப்பிளை எடுத்துக்கொண்டு அறிவுரையை இரண்டு மடங்காகத் திருப்பிக் கொடுத்தார். மோட்டாரைப் போட்டால் மை ஸ்பிரிங்கைத் தாண்டி மளமளவென்று ஓடும். கம்பியில் எங்கே ஒட்டுது, மாத்திரை எதுக்கு என்பார். ஓடாமல் என்ன செய்யும்? அந்தத் தண்ணீரில் நிறம்தான் சிவப்பு. அதில் ஒரு சிவப்பணு இல்லை, தட்டணு இல்லை, காயத்தைக் கண்டால் ஓடிவந்து அடைக்கும் குணமும் இல்லை. ஆனால் படித்தவர் செய்து காட்டும்போது குறுக்கே கேட்பதற்கு யாருக்கு நாக்கு எழும்?

மாத்திரையால் அவருக்குக் கையில் லேசாக இடித்தாலே நீலம் பூத்தது. சவரம் செய்யும்போது கீறிவிட்டால் ரத்தம் நிற்க நேரமாயிற்று. மாத்திரை வேண்டாம் என்றதற்கு உண்மைக் காரணம் இதுதான். மாத்திரையைக் கண்டால் அவருக்குப் பயம். பயம் என்று சொல்லிக்கொள்ள மனசு வராததால் அதற்கு விஞ்ஞானம் என்று பெயர் வைத்தார். ஒரு நல்ல நாள் பார்த்து மாத்திரையை நிறுத்திவிட்டதாக அறிவித்தார்.

அவர் மனைவி அழுதார், சண்டை போட்டார், ஒரு நாள் சாப்பிடாமலும் கிடந்து பார்த்தார். பிறகு பேச்சை விட்டுவிட்டார். தன் வாதத்தை அவர் ஒப்புக்கொண்டதாகப் பொறியாளர் எடுத்துக்கொண்டார். மறுநாள் காலையிலிருந்து அந்த அம்மாள் கதவைச் சாத்திக்கொண்டு கரண்டியின் முதுகால் மாத்திரையைப் பொடித்து, தேன் விட்டு, அவருடைய ஓட்ஸில் கலந்தார். கசக்கிறதே என்றார் அவர். உடம்புக்கு நல்லது அப்படித்தான் இருக்கும் என்றார் இவர். யாரிடமும் மூச்சு விடவில்லை. ஒருவரிடம் சொன்னாலும் அது சுற்றிச் சுற்றிக் கணவர் காதுக்கே வந்து சேரும், பிறகு ஓட்ஸையும் தொட மாட்டார்.

பரிசோதனைக்குப் போனபோது இதயம் ஜோராக இருப்பதாக மருத்துவர் சொன்னார். பொறியாளர் மாத்திரையைப் பற்றி வாயே திறக்காமல் மனைவியை ஒரு பார்வை பார்த்தார். அன்று முதல் கண்ணாடிக் குழாய்க்குப் பக்கத்தில் இன்னொரு சாட்சியும் சேர்ந்தது. அவரேதான்.

மனைவியின் தங்கை கணவருக்கு, அதாவது சகலைக்கு, செருப்புக்கடை. அவருக்கும் சமீபத்தில் ஸ்டென்ட் வைத்திருந்தார்கள், அவர் கையிலும் அதே நீலம். பாவம், வாடிக்கையாளர் சொல்லும் கால் அளவைக்கூட அளந்து பார்க்காமல் நம்புகிற மனுஷர். வந்தார், மை ஓடுவதைப் பார்த்தார், சொக்கிப்போனார்.

"அண்ணே, நீங்க நிறுத்தி எவ்வளவு நாளாச்சு?"

"மாசக்கணக்காச்சு. எப்படி இருக்கேன், நீயே பாரு" என்று பொறியாளர் நெஞ்சைத் தட்டிக் காட்டினார்.

காபி கொண்டுவந்த அந்த அம்மாள் டம்ளரைச் சகலை முன்னால் வைத்தார். டாக்டரைக் கேட்காமல் எதுவும் செய்ய வேண்டாம் என்று மட்டும் சகலையிடம் சொன்னார். கணவர் சிரித்தார், சகலையும் கூடச் சேர்ந்து சிரித்தார். தங்கை கறார்க்காரி, விட மாட்டாள் என்று தன்னைத் தேற்றிக்கொண்டு அந்த அம்மாள் அடுப்படிக்குப் போனார்.

சகலை மாத்திரையை நிறுத்தினார். தங்கையிடமும் அந்தக் கதை போயிற்று. பெரியவருக்கே ஒன்றும் ஆகவில்லையே என்று அவளும் விட்டுவிட்டாள்.

ஒரு மத்தியானம் சகலை ஒரு பெண்ணின் காலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தபடியே சரிந்தார். ஸ்டென்ட்டுக்குள் ரத்தம் உறைந்து அடைத்துவிட்டது. மருத்துவமனையில் அடைப்பை எடுத்து உயிரைக் காப்பாற்றினார்கள். ஆனால் இதயத்தில் ஒரு பகுதி செத்துப்போயிற்று, இனி மாடிப்படி ஏறுவதே கஷ்டம் என்றார்கள்.

தங்கை தாழ்வாரத்து பெஞ்சில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தாள். பொறியாளர் குறுக்கும் நெடுக்குமாக நடந்தார். முகத்தில் ஈயாடவில்லை, வாய் மட்டும் ஓயவில்லை. அவனுக்கு வைத்த ஸ்டென்ட் வேறு மாதிரியாக இருக்கும், வளைவான இடத்தில் வைத்திருப்பார்கள் என்றார். படம் வரைந்து பார்க்க நர்ஸிடம் ஒரு தாள் கேட்டார்.

"நானும்தானே நிறுத்தினேன். எனக்கு ஒண்ணும் ஆகலையே" என்றார்.

அந்த அம்மாளுக்கு அதற்கு மேல் தாங்கவில்லை.

"நீங்க நிறுத்தல. ஒரு நாளும் நிறுத்தல. தினமும் பொடிச்சு ஓட்ஸ்ல போட்டுக் குடுத்துட்டுதான் இருந்தேன்."

பொறியாளர் தாளைப் பிடித்தபடி நின்றார். தங்கை எழுந்து அவரைக் கிழித்துத் தோரணம் கட்டப்போகிறாள் என்று நர்ஸ்கூட ஒதுங்கி நின்றாள்.

தங்கை அவர் பக்கமே திரும்பவில்லை. அக்காவைத்தான் பார்த்தாள்.

"எங்கிட்ட மட்டுமாவது சொல்லியிருக்கக் கூடாதாக்கா?"